காதுக்குப் பின்னால் இருந்த காரணம்

வலியின் பாதை – 11

கடைவாய்ப் பல் ஒன்று. வலி தாங்கவில்லை என்று பிடுங்கியாகிவிட்டது. சில வாரம் நிம்மதி. பிறகு அதற்கு முந்தின பல்லில் அதே வலி. வேர் சிகிச்சை நடக்கிறது. கொஞ்ச நாள் கழித்து அதற்கும் முந்தின பல். இப்போது நோயாளியே, "இதையும் எடுத்துடுங்க டாக்டர், புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுகிறார். பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சொத்தை இல்லை, சீழ் இல்லை, ஈறும் வீங்கவில்லை.

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முக்கிளை நரம்பு வலியோடு நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேருகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். வலிக்கிற பக்கத்தில் நல்ல பற்கள் சில இருக்காது. இதற்குப் பல் மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. வாரக்கணக்கில் படுத்தி எடுத்துவிட்டுத் தானாகவே சில மாதம் ஓய்ந்துவிடும். சிலருக்கு அந்த ஓய்வு வருடக்கணக்கில்கூட நீளும். பல்லை எடுத்த கையோடு அந்த ஓய்வும் வந்துவிட்டால், பல்தான் குற்றவாளி என்று எல்லோருமே நம்பிவிடுகிறார்கள். வலி திரும்பும்போது சந்தேகம் அடுத்த பல்லின் மேல் விழுகிறது.

இந்த நோயின் வரலாறு நெடுகிலும் இதுவே நடந்திருக்கிறது. வாய் வழியாகப் பார்த்தவர்கள் பல்லைக் கண்டார்கள். கன்னத்தைத் திறந்தவர்கள் கன்னத்து நரம்பைக் கண்டார்கள். நெற்றிப்பொட்டு வழியாகப் போனவர்கள் நரம்பு முடிச்சைக் கண்டார்கள். காதுக்குப் பின்னாலிருந்து போய்ப் பார்த்தவர் கண்ணில்தான் காரணம் பட்டது. அவர் கண்டதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

முதலில் வலியின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் என்று முடிவு செய்ய உதவுவது ஸ்கேனைவிட நோயாளி சொல்லும் விவரம்தான். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். பெரும்பாலும் கன்னம், மேல் உதடு, தாடை. சுளீரென்று ஷாக் அடித்த மாதிரி வரும். ஒரு நொடியில் போய்விடும்; மிஞ்சினால் இரண்டு நிமிடம். ஆனால் ஒரே நாளில் பத்து முறையும் வரலாம், நூறு முறையும் வரலாம். அடியோ காயமோ பட வேண்டியதில்லை, லேசாகத் தொட்டாலே போதும். முகம் கழுவும் தண்ணீர், பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, ஒரு வாய் சோறு, மின்விசிறிக் காற்று, நாலு வார்த்தை பேச்சு என்று எதுவும் அதைக் கிளப்பிவிடும். எந்த இடத்தைத் தொட்டால் வரும் என்பது நோயாளிக்கு அத்துப்படி. மருத்துவர் கேட்டால் காட்டுவார். ஆனால் விரல் தோலில் படாமல் சற்றுத் தள்ளியே நிற்கும். அனுபவப்பட்ட மருத்துவருக்கு அந்த இடைவெளி ஒன்றே பாதி விடை.

பல் வலி இப்படி இருக்காது. விண்விண்ணென்று மணிக்கணக்கில் தெறிக்கும், சூடோ குளிரோ பட்டால் ஏறும், ராத்திரியில் உட்கார வைத்துவிடும். முக்கிளை நரம்பு வலி ஆழ்ந்த தூக்கத்தைப் பொதுவாகக் கலைப்பதில்லை. சைனஸ் வலி கனமாக அழுத்தும், குனிந்தால் கூடும். அக்கி வந்து ஆறிய பிறகு நெற்றியில் நின்றுபோகும் எரிச்சல் இன்னொரு சங்கதி.

50 வயதைத் தாண்டியவர்களிடம்தான் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அதிகம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கிடுகிறார்கள். இந்தி நடிகர் சல்மான் கான் 2011-ல் இதற்காக அமெரிக்கா போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் இந்தியாவில் பலரும் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும், பெயர் தெரியாமலே இதை அனுபவித்தவர்கள் ஏராளம். சாப்பிடப் பயந்து இளைத்துப் போகிறார்கள். பேசப் பயந்து சைகை காட்டுகிறார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பதால், 'நல்லாத்தானே இருக்கே' என்ற பேச்சையும் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு வலிக்கு மேல் ஒரு வலி. தயவு செய்து அதைச் சொல்லாதீர்கள். மனித உடலுக்கு வரக்கூடிய மிகக் கொடிய வலிகளில் ஒன்று என்று இதை எழுதாத மருத்துவ நூல் இல்லை.

தத்துவ அறிஞர் என்று நாம் அறிந்த ஜான் லாக் ஒரு மருத்துவரும்கூட. 1677 டிசம்பரில் அவர் பாரிஸில் இருந்தபோது, இங்கிலாந்துத் தூதரின் மனைவியான நார்த்தம்பர்லாந்துச் சீமாட்டிக்கு இந்த வலி வந்து அவரை அழைத்தார்கள். தான் கண்டதை நண்பர் ஒருவருக்குக் கடிதங்களில் நுணுக்கமாக எழுதி வைத்தார் லாக். இந்த நோயைப் பற்றிய ஆகப் பழைய தெளிவான பதிவுகளில் அவை அடங்கும். அவர் கொடுத்த மருந்து பேதி மருந்து. வேறென்ன கொடுக்க முடியும் அன்றைக்கு? 1756-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே இதற்கு ஒரு பெயர் வைத்தார். 1773-ல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் இதைத் தனி நோயாக விவரித்தார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. முகத்தில் வலி என்றால் முகத்துக்குப் போகும் நரம்பை வெட்டிவிடுவது என்று முடிவு செய்து, காதுக்கு முன்னால் கன்னத்தில் விரிந்து ஓடும் நரம்பை வெட்டினார்கள். அது ஏழாவது மூளை நரம்பு. முகத் தசைகளை அசைப்பதுதான் அதன் வேலை; கன்னத்தின் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெட்டியதும் வாய் ஒரு பக்கம் கோணிப்போயிற்று, கண்ணை மூட முடியவில்லை, வலி மட்டும் அப்படியே இருந்தது. முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு, முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் நரம்பு என்று 1820-களில் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பெல். ஒரு பக்க முகவாதத்தை 'பெல்ஸ் பால்சி' என்கிறோமே, அந்தப் பெல்தான்.

இந்த ஐந்தாம் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய், காதுக்கு முன்னால் மண்டையின் அடித்தளத்தில் ஒரு முடிச்சாகப் பருத்து, அங்கிருந்து மூன்றாகப் பிரிகிறது. ஒன்று கண்ணுக்கும் நெற்றிக்கும், இன்னொன்று கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த் தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும் போகிறது. பல்லின் வலியையும் கன்னத்தின் வலியையும் சுமப்பது ஒரே நரம்பு. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் துணிச்சல் கூடியது. 1890-ல் லண்டனில் வில்லியம் ரோஸ், மேல் தாடை எலும்பை அகற்றி வழி உண்டாக்கி, அந்த முடிச்சைச் சுரண்டி எடுத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூயார்க்கில் ஃபிராங்க் ஹார்ட்லியும் ஜெர்மனியில் ஃபெடோர் கிராவுசேயும் தனித்தனியே நெற்றிப்பொட்டு வழியாகப் போகும் முறையைக் கண்டார்கள். ரத்தப்போக்கும் தொற்றுமாக உயிரிழப்பு அதிகம். ஹார்வி குஷிங் அந்த வழியைத் திருத்திப் பாதுகாப்பாக்கினார். 1901-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பில்லரும் ஃபிரேசியரும் முடிச்சை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் நரம்பை வெட்டினார்கள். பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமான அறுவை.

வலி போயிற்று, உண்மைதான். கூடவே பாதி முகத்தின் உணர்ச்சியும் போயிற்று. கன்னத்துக்குள் சோறு தங்கியிருப்பது தெரியாது. கண்ணின் கருவிழி மரத்துப்போனால் தூசி விழுந்தாலும் உறைக்காது. புண்ணாகிப் பார்வையே போனவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் கொடுமை, தொட்டால் தெரியாத, ஆனால் ஓயாமல் எரியும் முகம். நரம்பு வெட்டப்பட்ட சிலருக்கு அது வந்தது. வந்துவிட்டால் அதைத் தீர்ப்பது பழைய வலியைத் தீர்ப்பதைவிடக் கடினம்.

பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த வால்ட்டர் டாண்டி வேறு வாசலைத் தேர்ந்தெடுத்தார். காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, நரம்பு மூளைத்தண்டை விட்டுக் கிளம்பும் இடத்துக்கே போனார். 1925-லிருந்து இந்த முறையைப் பற்றி எழுதினார். அங்கேயும் அவர் நரம்பைத்தான் வெட்டினார், ஒரு பகுதியை மட்டும். ஆனால் வெட்டும் முன் பார்த்தார். 1934-ல் 215 நோயாளிகளிடம் தான் கண்டதை வெளியிட்டார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரு தமனி நரம்பின்மேல் சாய்ந்தோ அதை வளைத்தோ கிடந்தது. இன்னும் சிலரிடம் ஒரு சிரை, சிலரிடம் ஒரு கட்டி. இந்த அழுத்தமே வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. மற்றவர்கள் எல்லோரும் நெற்றிப்பொட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் போனால் நரம்பு கிளம்பும் இடம் கண்ணுக்கே தெரியாது. தாங்கள் பார்க்காத ஒன்றை இன்னொருவர் பார்த்தேன் என்றால் நம்புவது கடினம். டாண்டியிடமும் நுண்ணோக்கி இல்லை. வெறும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். 1946-ல் அவர் காலமானார். கோபன்ஹேகனில் பாலே டார்ன்ஹோய் 1952-ல் நரம்பை வெட்டாமல் அதைச் சுற்றியுள்ள இறுக்கத்தை மட்டும் தளர்த்திப் பார்த்தார். கிளீவ்லாந்தில் ஜேம்ஸ் கார்ட்னர் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தமனியையும் நரம்பையும் பிரித்து நடுவில் பஞ்சு வைத்தார். வெட்டாமலே வலி நின்றது.

இடையில் அறுவை அரங்குக்குள் நுண்ணோக்கி வந்தது. காது அறுவைக்காரர்கள் பயன்படுத்திய அதை 1957-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தியோடர் குர்சே மூளை அறுவைக்குக் கொண்டுவந்தார். அதே ஊரில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பு அறுவைப் பயிற்சியில் இருந்தவர் பீட்டர் ஜானெட்டா. பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவதற்காக இறந்த உடலில் ஐந்தாம் நரம்பை நுண்ணோக்கியின் கீழ் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உயிருள்ள நோயாளியிடம் அதே நரம்பை அதே கருவியின் கீழ் பார்த்தபோது, அதன்மேல் ஒரு தமனி துடித்துக்கொண்டிருந்தது. 1967-ல் அதை வெளியிட்டார். அப்போது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்த இளைஞர். மூத்தவர்கள் பலர் ஏற்கவில்லை. வலி இல்லாதவர்களின் உடலிலும் தமனி நரம்பைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1971-ல் பிட்ஸ்பர்க் போன ஜானெட்டா, விவாதத்தை நோயாளிகளின் கணக்கால் எதிர்கொண்டார்.

அந்தக் கணக்கு 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 20 ஆண்டுகளில் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவை செய்துகொண்ட 1,185 பேர். 10 ஆண்டுகள் கழித்தும் 70 சதவீதத்தினர் மருந்தே இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். 30 சதவீதத்தினருக்கு எப்போதாவது வலி திரும்பியது. 11 சதவீதத்தினர் மறுபடி அறுவை செய்துகொண்டார்கள். சுமார் ஒரு சதவீதத்தினருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போயிற்று. இருவர் இறந்தார்கள். நல்ல செய்தியோடு கெட்ட செய்தியையும் சேர்த்து எழுதிய கட்டுரை என்பதாலேயே அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

தமனி பட்டால் ஏன் வலிக்க வேண்டும்? மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பின் முதல் சில மில்லிமீட்டரில் ஓர் எல்லை இருக்கிறது. மூளைக்குரிய மயலின் உறை முடிந்து, உடல் நரம்புக்குரிய மயலின் உறை தொடங்கும் இடம். நரம்பின் மிகப் பலவீனமான பகுதி அது. வயதாக ஆகத் தமனிகள் நீண்டு வளைகின்றன. சிறுமூளைக்குப் போகும் மேல் தமனியின் வளைவு ஒன்று கீழிறங்கி நரம்பின்மேல் உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு இடி. பெரும்பாலான நோயாளிகளிடம் இந்தத் தமனிதான் குற்றவாளி. நாளடைவில் உறை தேய்கிறது. உறை உரிந்த கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதைப் போல, தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் இழையில் ஓடும் மின்சாரம் பக்கத்தில் உள்ள வலி இழைக்குத் தாவுகிறது. கன்னத்தில் காற்று பட்டது என்ற செய்தி மூளைக்கு வெட்டு விழுந்தது என்று போய்ச் சேருகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் தமனியே இல்லாமல் மயலின் கரைவதால் இதே வலி வரும். அந்த நோயாளிகளில் 2 முதல் 5 சதவீதத்தினருக்கு இது வருகிறது. அபூர்வமாகக் கட்டியும் காரணமாகும். ஆகவே இந்த வலி என்று சந்தேகப்படும் எல்லோருக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. தேவை. இளம் வயதில் வந்தாலோ, இரு பக்கமும் வந்தாலோ, முகம் மரத்துப்போனாலோ தாமதமே கூடாது.

எல்லோருக்கும் அறுவை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சிகிச்சை மாத்திரைதான். சுவீடன் மருத்துவர் ப்ளோம் 1962-ல் லான்செட் இதழில் எழுதிய கார்பமசெபின், வலிப்பு நோய்க்கான அந்த மருந்து, இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரைகள் இதில் வேலை செய்வதில்லை. கார்பமசெபின் பெரும்பாலானோருக்குச் சில நாளிலேயே கேட்கிறது. தூக்கம், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், ரத்தத்தில் சோடியம் குறைவது எல்லாம் வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். இந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வருடங்கள் ஓட ஓட மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வலி நிற்கும் அளவுக்குக் கொடுத்தால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்ற நிலை வரும்போது அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் பத்து வருடம் காத்திருப்பதில் பொருளில்லை.

எம்.வி.டி. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் ஜானெட்டாவின் அறுவை இப்படி நடக்கிறது. முழு மயக்கம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதுக்குப் பின்னால் எலும்பில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. மூளையுறையைத் திறந்து நீரை வடியவிட்டால் சிறுமூளை தானாகவே கொஞ்சம் விலகிக் கொடுக்கும். காது நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், அது நலமாக இருக்கிறதா என்பதை மின் பதிவு மூலம் அறுவை முழுவதும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். நுண்ணோக்கியில் தமனியின் வளைவு தெரிந்ததும், மெல்லிய சவ்வுகளை நறுக்கி, அதை நரம்பிலிருந்து தூக்கி விலக்கி, நடுவில் டெஃப்ளான் பஞ்சைத் திணிக்கிறார்கள். நரம்பில் கத்தி படுவதில்லை. மயக்கம் தெளிந்ததுமே பலருக்கு வலி இருக்காது. முகத்தின் உணர்ச்சியும் அப்படியே இருக்கும். செவித்திறன் குறைவு, மூளைநீர்க் கசிவு, தொற்று, மிக அரிதாகப் பக்கவாதம் ஆகிய ஆபத்துகள் உண்டு. இந்த அறுவையை அடிக்கடி செய்கிற கையைத் தேடிப் போவது நல்லது.

வயது மிகவும் முதிர்ந்தவர்களுக்கும், இதயம் மயக்க மருந்தைத் தாங்காதவர்களுக்கும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கும் மண்டையோட்டைத் திறக்காத வழிகள் இருக்கின்றன. வாயோரத்துக்குச் சற்று வெளியே ஊசியைக் குத்தி, எக்ஸ்ரே பார்த்தபடியே மண்டையின் அடித்தளத்தில் உள்ள துளை வழியாக நரம்பு முடிச்சை எட்டுகிறார்கள். பாஸ்டனில் ஸ்வீட்டும் வெப்சிக்கும் 1974-ல் எழுதிய முறையில், ரேடியோ அலைச் சூட்டால் வலி இழைகளைச் சுடுகிறார்கள். சிகாகோவில் முல்லனும் லிக்டரும் 1983-ல் வெளியிட்ட முறையில், குட்டி பலூனை ஊதி ஒரு நிமிடம் போல முடிச்சை நசுக்குகிறார்கள். கிளிசரால் ஊசி தற்செயலாகக் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் கதிர்வீச்சுக்கு இலக்கு குறிப்பதற்காக உலோகத் தூளைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார்கள். கதிர் கொடுக்கும் முன்பே வலி நின்றுவிட்டது. ஸ்டென் ஹோகன்சன் அதையே சிகிச்சையாக்கி 1981-ல் வெளியிட்டார். அதே நகரில் லார்ஸ் லெக்செல் 1951-லேயே கதிர்களை இந்த நரம்பின்மேல் குவித்துப் பார்த்தார். இன்றைய காமா நைஃப் அந்த வழி வந்தது. அதில் கீறலே கிடையாது, ஆனால் பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். இவை எல்லாமே நரம்பைக் கொஞ்சம் சேதப்படுத்தித்தான் வலியைக் குறைக்கின்றன. ஓரளவு மரப்பு வரும், சில ஆண்டுகளில் வலி திரும்பும் வாய்ப்பும் எம்.வி.டி.யைவிட அதிகம். திரும்பினால் மறுபடி செய்துகொள்ளலாம் என்பது இவற்றின் பலம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜானெட்டாவிடம் கேட்கப்பட்ட கேள்வி முழுவதுமாகத் தீரவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தமனி நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. ஆகவே வெறும் தொடுதலை இன்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நரம்பு நசுங்கியோ இளைத்தோ இடம் விலகியோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மறுபுறம், வலியின் எல்லா இலக்கணமும் பொருந்தியும், காதுக்குப் பின்னால் திறந்து பார்த்தால் எந்த ரத்தக்குழாயும் இல்லாத நோயாளிகளும் உண்டு. அவர்களில் இளம் பெண்கள் அதிகம். அவர்களுக்குச் சில மையங்களில் நரம்பை வெட்டாமல், அதன் இழைகளை நீளவாக்கில் பிரித்துவிடுகிறார்கள். சிலருக்கு அது பலன் தருகிறது, கொஞ்சம் மரப்போடு. ஏன் பலன் தருகிறது என்பதற்கு இன்னும் முழு விளக்கம் இல்லை.

அடுத்த வாரம்: அக்கி ஆறிய பிறகும் எரியும் நரம்பு.

(தொடரும்)